ஆலையில் செய்து வரும் 20 ச.மீ. குறுவீடு: எதைப் பார்த்து வாங்குவது, எதை மறுப்பது

காட்சிக்கூடத்தில் குறுவீட்டின் கதவைத் திறந்ததும் விற்பனையாளரின் கை சுவரில் மடிந்து நிற்கும் கட்டிலுக்குத்தான் போகும். கட்டில் இறங்கும், மேசை விரியும், படிக்கட்டின் ஒவ்வொரு படியும் இழுப்பறையாகத் திறக்கும். பார்க்க அழகுதான். ஆனால் இவை எல்லாமே பிடிக்காவிட்டால் பின்னால் கழற்றி மாற்றிக்கொள்ளக் கூடியவை. சுவருக்குள் இருக்கும் அடுக்குகள், காற்று வந்து போகும் வழி, குளியலறைத் தரைக்கு அடியில் ஓடும் குழாய் ஆகிய மூன்றும் அப்படியல்ல. வீடு ஆலையை விட்டு வெளியே வந்த பிறகு இவற்றைத் தொட வேண்டுமென்றால் பாதி வீட்டைப் பிரிக்க வேண்டும். அதனால் இந்த மதிப்பீட்டில் கட்டிலுக்குக் கடைசி இடம்தான்.

கணக்குக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம்: 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். தரை 20 ச.மீ., உள்ளே இருக்கும் காற்று 48 கன மீட்டர். கீழே வரும் எண்கள் எல்லாம் இருவர் வசிக்கும் இந்தப் பெட்டிக்கானவை.

சின்ன வீடு என்றாலே இயற்கைக்கு நல்லது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. தனியாக நிற்கும் பெட்டிக்கு இது முழு உண்மையல்ல. இந்த வீட்டின் சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து சுமார் 83 ச.மீ. வெளிப்பரப்பு. அதாவது ஒவ்வொரு ச.மீ. தரைக்கும் 4 ச.மீ.க்கு மேல் வெயிலையும் குளிரையும் வாங்கும் தோல். 10 மீட்டருக்கு 10 மீட்டர் உள்ள ஒரு தள வீட்டில் இதே கணக்கு 3 ச.மீ.க்குள் அடங்கிவிடும். மொத்த மின்சாரம் சின்ன வீட்டில் குறைவுதான், ஒரு ச.மீ.க்கு இவ்வளவு என்று பார்த்தால் கூடுதல். ஆனால் இதே பெட்டியை வரிசையாக ஒட்டி, மேலும் கீழும் அடுக்கினால் கதை மாறுகிறது. இரண்டு நீளச் சுவர்களும் தரையும் கூரையும் பக்கத்து வீடுகளோடு பகிரப்பட்டால் வெளியே தெரிவது இரண்டு குறுகிய முகப்புகள் மட்டும், 19 ச.மீ. சொச்சம். நகரத்தில் குறுவீட்டுக்கு நியாயம் இருப்பது இந்த அடுக்கில்தான். நியூயார்க்கில் 2016இல் திறந்த கார்மெல் பிளேஸ் கட்டடம் இந்த வழியில் போனது: ஆலையில் செய்த பெட்டிகளை அடுக்கி 55 வீடுகள். தனி மனையில் தனியாக நிறுத்தப் போகிறீர்கள் என்றால் சுவர் தடிமனில் கஞ்சத்தனம் காட்டவே கூடாது.

சந்தையில் கிடைக்கும் கூடுகள் மூன்று வகை.

கப்பல் கன்டெய்னரை வெட்டிச் செய்வது முதல் வகை. 20 அடிப் பெட்டியின் உள் அகலம் 2.35 மீட்டர். இருபக்கமும் 75 மி.மீ. இன்சுலேஷனும் 12 மி.மீ. உள்பலகையும் வைத்தால் மிஞ்சுவது 2.17 மீட்டர். சாதாரண உயரப் பெட்டியின் உள் உயரம் 2.39 மீட்டர், தரைக்கும் கூரைக்கும் அடுக்கு போட்ட பிறகு, உயரமான ஆள் கை தூக்கிச் சட்டை மாட்டினால் விளக்கில் இடிக்கும். உயரம் கூடிய ‘ஹை கியூப்’ வகையை மட்டுமே யோசிக்கலாம். நெளிவுத் தகடுதான் அந்தப் பெட்டியின் பலம். கதவுக்கும் சன்னலுக்கும் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் சுற்றி இரும்புச் சட்டம் பற்றவைக்க வேண்டும். பெட்டியோடு வரும் பிளைவுட் தரைக்குப் பூச்சிமருந்து ஏற்றுவது வழக்கம்; அதைப் பெயர்த்து எறியாமல் மேலேயே விரிப்பு ஒட்டித் தரும் தயாரிப்பை வாங்க வேண்டாம். ஒரே ஒரு கடல் பயணம் போய் வந்த, கிட்டத்தட்டப் புதுப் பெட்டியை வாங்கி வெட்டினால் அதை மறுபயன்பாடு என்று சொல்லவும் முடியாது. அதில் இருப்பது சுமார் 2 டன் எஃகு. ஒரு டன் எஃகு உருவாகச் சுமார் 2 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. எங்கள் பார்வையில் மூன்றில் கடைசி இடம் இதற்கு.

இரண்டாவது, இரும்புச் சட்டத்தில் பஃப் பேனல் மாட்டியது. சந்தையில் பரவலாகக் கிடைப்பது இது. அரை மி.மீ. தகடு இருபக்கம், நடுவே பாலியூரிதேன் நுரை. 50 மி.மீ. பேனலைக் காட்டி ‘இதுவே போதும்’ என்பார்கள். வெயிலோ குளிரோ கடுமையாக இருக்கும் இடத்துக்கு அது போதாது. சுவருக்கு 75, கூரைக்கு 100 மி.மீ. கேளுங்கள். 75 மி.மீ. நுரையின் யு-மதிப்பு, அதாவது சுவர் எவ்வளவு வெப்பத்தைக் கடத்துகிறது என்ற எண் (குறைந்தால் நல்லது), 0.3 அருகே வரும். அதே காப்பை ராக்வூலில், அதாவது பாறையை உருக்கி இழைத்த கம்பளியில், பெற 110 முதல் 120 மி.மீ. வேண்டும். 20 ச.மீ. வீட்டில் 4 செ.மீ. பெரிய விஷயம் என்பதால்தான் நுரை ஜெயிக்கிறது. ஆனால் நுரை எரியும், எரியும்போது வரும் புகை நச்சு. ஒரே அறை, ஒரே கதவு, கதவுக்குப் பக்கத்திலேயே அடுப்பு என்ற அமைப்பில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்பக்கம் முழுக்க 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு, கதவுக்கு எதிர்ப்பக்கம் ஆள் இறங்கக்கூடிய ஒரு சன்னல், கூரையில் புகை எச்சரிக்கைக் கருவி ஆகிய மூன்றும் இல்லாத பஃப் பேனல் வீட்டைப் பரிந்துரைக்க மாட்டோம். நுரைக்குப் பதில் ராக்வூல் அடைத்த பேனல் கிடைத்தால், எடை கூடினாலும், எடுங்கள்.

இந்த வகையில் கோளாறு பேனலின் நடுவில் வருவதில்லை, விளிம்பில்தான் வரும். சுவர் தரையோடு சேரும் இடத்தில் இரும்பு சானல் ஓடுகிறது. அது உள்தகட்டையும் வெளித்தகட்டையும் தொட்டால், மரத்தைவிடச் சில நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் பாலம் அது. அறை 25 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால் 17 டிகிரிக்குக் கீழே போகும் எந்தப் பரப்பிலும் நீர் முத்துக்கள் கோக்கும். குளிர்காலத்தில் தரையோரமாக ஒரே கோட்டில் கருப்பாகப் பூசணம் படர்வது இதனால்தான். பெயின்ட் அடித்தால் இரண்டு மாதம் மறையும், பிறகு அதே கோட்டில் திரும்ப வரும். சானலுக்கு நடுவில் வெப்பம் தடுக்கும் பட்டை வைத்திருக்கிறார்களா என்று வெட்டுத் துண்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வரைபடம் போதாது, துண்டு வேண்டும்.

மூன்றாவது, மரச்சட்ட வீடு. 95 அல்லது 140 மி.மீ. ஆழமுள்ள மரக்கால்கள், இடையில் ராக்வூல் அல்லது மரநார், வெளிப்பலகைக்குப் பின்னால் 20 முதல் 25 மி.மீ. காற்றிடைவெளி. சுவர் தடிமன் கூடுகிறது, கரையான் வரும் இடங்களில் கூடுதல் காப்பு தேவை. ஆனாலும் பழுதுபார்க்க இதைப் போல் எளிது வேறில்லை. எங்கே வேண்டுமானாலும் அலமாரி மாட்டலாம், பலகை ஒன்று நைந்தால் அதை மட்டும் மாற்றலாம். தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. தூக்கி, கூரையை நன்றாக வெளியே நீட்டிக் கட்டியிருந்தால் இதற்குத்தான் முதல் இடம். அழகுக்காகக் கூரை நீட்டமே இல்லாமல் பெட்டி போல் செய்த மர வீடுகள் படத்தில் நன்றாக இருக்கும். மழைநீர் நேராகப் பலகையின் வெட்டு முனையில் ஊறும்.

ஓதத் தடுப்புத் தாளை எந்தப் பக்கம் ஒட்டுவது என்பதில் பல ஆலைகள் தடுமாறுகின்றன. குளிர்நாட்டில் ஈரம் உள்ளிருந்து வெளியே போகிறது, தாள் உள்பக்கம். வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் ஏசி ஓடும் வீட்டுக்கு நேர்மாறு: வெளியே 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று 27 டிகிரியிலேயே பனிக்கத் தொடங்கும். 24 டிகிரிக்குக் குளிர்ந்த உள்பலகையின் முதுகுப்பக்கம் அது போய்ச் சேர்ந்தால் யாருக்கும் தெரியாமல் சுவர் நனையும். அங்கே தாள் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒட்டிவிட்டால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியே இல்லாமல் பிளைவுட் அழுகும். வேறு பருவநிலைக்கு வடிவமைத்த வீட்டை இறக்குமதி செய்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

இனி காற்று. இந்த வகை வீடுகளில் பெரும்பாலானவை தோற்பது இங்கேதான். உறங்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். இருவர் உறங்கும் 48 கன மீட்டர் அறையில் சன்னலைச் சாத்தினால் அதன் அளவு மணிக்கு 500 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 500 பங்கு) வீதம் ஏறும். இடுக்குகள் வழியே கொஞ்சம் காற்று கசிந்தாலும் விடியும்போது 3,000ஐத் தாண்டியிருக்கும். காலையில் தலை கனக்கும், உறக்கம் போதாதது போல் இருக்கும். வீட்டின் மீது யாருக்கும் சந்தேகம் வராது. 1,000 பிபிஎம்மில் நிறுத்த வேண்டுமானால் உறங்கும் இருவருக்கு மணிக்கு 40 கன மீட்டர், விழித்திருந்தால் 60 கன மீட்டர் புதுக்காற்று தேவை. வீட்டை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறோமோ அவ்வளவுக்கு இயந்திரக் காற்றோட்டம் கட்டாயம். ஏசி இதைச் செய்யாது. அது உள்ளே இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றுகிறது.

ஈரமும் இதே கதை. உறங்கும் இருவர் ஒரே இரவில் ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீரைக் காற்றில் விடுகிறார்கள். துவைத்துப் பிழிந்த 5 கிலோ துணியை உள்ளே காயப்போட்டால் இன்னும் 2 லிட்டர். பெரிய வீட்டில் கரைந்துபோகும் ஈரம் இங்கே நேராகச் சன்னல் கண்ணாடிக்கும் அலமாரியின் முதுகுக்கும் போகிறது. வெளிச்சுவரை ஒட்டி மூடிய அலமாரி வைத்த வடிவமைப்பை மறுத்துவிடுங்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் பின்னால் 30 மி.மீ. இடைவெளியும் மேலும் கீழும் திறப்பும் வேண்டும்.

விற்பனைப் பட்டியலில் ‘காற்றோட்டம் உண்டு’ என்ற வரிக்குக் கீழே பெரும்பாலும் இருப்பது குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுதான். உள்ளே காற்று வர தனி வழி இல்லாவிட்டால் அந்த ஃபேன் சத்தம் மட்டும் போடும். வாங்கத் தகுந்தது வெப்பத்தை மீட்டுத் தரும் காற்றோட்டக் கருவி: வெளியேறும் காற்றின் வெப்பத்தில் முக்கால் பங்கை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும். ஏசி ஓடும் ஈரப்பதமான ஊர்களுக்கு வெப்பத்தோடு ஈரத்தையும் கைமாற்றும் வகையே பொருத்தம். சுவரில் துளையிட்டு மாட்டும் பீங்கான் உருளை வகை ஒன்றை மட்டும் வைத்தால், அது ஒரு நிமிடம் வெளியே தள்ளி அடுத்த நிமிடம் உள்ளே இழுக்கும். இரண்டை எதிரெதிர்ச் சுவரில் இணைத்து வைத்தால்தான் அறை சமநிலையில் இருக்கும். தலைமாட்டில் மாட்ட வேண்டாம். இரவு வேகத்தில் 25 டெசிபெலுக்கு மேல் சத்தம் வந்தால் வசிப்பவர்களே அதை அணைத்துவிடுவார்கள், பிறகு கருவி இருந்தும் பயனில்லை. வடிகட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் எடுக்கும்படி இருக்க வேண்டும். ஏணி போட்டுத் திருகு கழற்றித்தான் எடுக்க முடியும் என்றால் அதை யாரும் எடுப்பதில்லை.

ஏசியைப் பொறுத்தவரை ‘பெரிதாக வைத்தால் வேகமாகக் குளிரும்’ என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். நன்றாகக் காப்பிட்ட 20 ச.மீ. வீட்டுக்குத் தேவையான குளிரூட்டும் திறன் பெரும்பாலும் 1.5 கிலோவாட்டைத் தாண்டாது. ஒரு டன் ஏசியின் குளிரூட்டும் திறன் 3.5 கிலோவாட். அது ஐந்து நிமிடத்தில் குளிரவைத்து நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்ச நேரமே இருக்காது. அறை குளிர்ந்தும் பிசுபிசுப்பாக இருப்பது இதனால்தான். சந்தையில் உள்ளதில் மிகச் சிறிய இன்வெர்ட்டர் வகையைப் பாருங்கள். அதன் உச்சத் திறனை விடக் குறைந்தபட்சத் திறன் எவ்வளவு என்பது இங்கே முக்கியம்.

குளியலறை பெரும்பாலும் ஒரே வார்ப்பாகச் செய்த ஃபைபர் கூடாக வருகிறது. மூட்டு இல்லாததால் கசியாது என்பது நிஜமான நன்மை. ஆனால் தரைக்கு அடியில் முழுத் தாங்கல் இல்லாமல் நான்கு கால்களில் நிறுத்தியிருந்தால் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் தரை அழுந்தும், சில ஆண்டுகளில் வடிகால் வாயைச் சுற்றி விரிசல் விடும். குதிகாலால் அழுத்திப் பாருங்கள். தரை அசைந்தால் வேண்டாம். வாட்டம் 80க்கு 1ஆவது இருக்க வேண்டும், அதாவது 80 செ.மீ.க்கு 1 செ.மீ. சாக்கடை வாடை மேலே வராமல் நீர் தேங்கித் தடுக்கும் வளைவான ட்ராப்பில் 50 மி.மீ. நீர் நிற்க வேண்டும். உயரம் மிச்சம் பிடிக்க ஆழம் குறைந்த ட்ராப் வைத்த வீடுகளில், பத்து நாள் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பினால் நீர் வற்றிச் சாக்கடை வாடை வீடு முழுக்க நிற்கும், 20 ச.மீ.யில் வாடைக்கு வேறு அறை கிடையாது.

வெந்நீருக்கு உடனடி கீசர் இடத்தை மிச்சப்படுத்தும் என்று கொடுக்கிறார்கள். நிமிடத்துக்கு 6 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க 8.4 கிலோவாட் தேவை. அத்தோடு 3.5 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடினால் சிறிய மின் இணைப்பு தாங்காது. 50 லிட்டர் தொட்டி கொண்ட கீசர் இதைவிடப் புத்திசாலித்தனம்: 25 டிகிரி நீரை 60க்குக் கொண்டுவர 2 யூனிட் மின்சாரம், அதையும் வெயில் நேரத்தில் சோலாரில் ஏற்றி வைக்கலாம். நீர் நிரம்பிய தொட்டி எடை கூடியது என்பதால் அதற்கான இரும்புத் தாங்கல் ஆலையிலேயே சுவருக்குள் வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

உலர் மக்கும் கழிப்பறையைப் பசுமை அடையாளமாகச் சேர்த்து விற்கும் தயாரிப்புகள் உண்டு. கழிவுநீர்க் குழாய் வாசலில் ஓடும் நகரத்தில் அது தேவையில்லை. சிறிய, பெரிய அளவு என இரட்டைப் பொத்தான் கொண்ட சாதாரணக் கழிப்பறை போதும்.

சமையல் மேடைக்கு நல்ல அளவுகோல் நூறாண்டு பழையது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். வேலை நடக்கும் வரிசைப்படி பொருள்களை வைத்ததில்தான் அதன் சிறப்பு. குறுவீட்டில் சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே 60 செ.மீ. வெற்று மேடை இருந்தால் சமைக்கலாம், 30 செ.மீ. என்றால் நறுக்கும் பலகையைச் சிங்கின் மேல்தான் வைக்க வேண்டும். கரி வடிகட்டி வழியே காற்றை உள்ளேயே திருப்பி விடும் சிம்னி வாடையைக் குறைக்கும், ஆவியை அப்படியே விட்டுவிடும். வெளியே குழாய் போகும் வகைதான் வேண்டும். எரிவாயு அடுப்பு இந்தக் கன அளவுக்கு ஏற்றதல்ல.

மடிக்கும் கட்டிலுக்கு வருவோம். மடித்தபோது 40 செ.மீ. ஆழம், இறக்கியபோது சுவரிலிருந்து 2.1 முதல் 2.2 மீட்டர் வேண்டும். அதைத் தூக்கும் கேஸ் ஷாக் (அழுத்திய வாயு அடைத்த தண்டு) குறிப்பிட்ட மெத்தை எடைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தடித்த மெத்தையை மாற்றிப் போட்டால் கட்டில் தடாலென்று விழும்; லேசான மெத்தை போட்டால் கீழே நிற்காமல் எழும்பும். பஃப் பேனல் வீட்டில் அரை மி.மீ. தகட்டில் திருகிய கட்டில் ஒருநாள் சுவரோடு பெயர்ந்து வரும். பின்னால் 18 மி.மீ. பிளைவுட் வைத்து அது இரும்புச் சட்டத்தோடு போல்ட் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பரணில் படுக்கை வைக்கும் வடிவத்தில் மெத்தைக்கு மேல் ஒரு மீட்டராவது இடம் வேண்டும், அந்த உயரத்திலேயே திறக்கும் சன்னலும் வேண்டும். வெப்பக் காற்று முழுக்க அங்கேதான் தேங்கும். 2.4 மீட்டர் உயர வீட்டில் பரண் படுக்கை சரிப்படாது; மூட்டை முடிச்சு வைக்க மட்டும் பயன்படும்.

கொண்டுவந்து இறக்குவதிலும் ஒரு சிக்கல் உண்டு. 4 மீட்டர் அகல வீடு சாதாரண லாரியில் வராது, நடுவில் பிளந்த இரண்டு பாதிகளாக வரும். அந்த நடு மூட்டின் கூரைப்பகுதிதான் முதல் கசிவு. வெறும் சிலிக்கான் பூசி அனுப்பினால் ஏற்க வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் தகட்டு மடிப்பும் மேலே மூடுபட்டையும் வேண்டும். கிரேனின் டன் கணக்கு அதன் காலடியில்தான். கை நீள நீளத் தூக்கும் திறன் மளமளவென்று இறங்கும். பக்கத்துக் கட்டடத்தைத் தாண்டி இறக்க வேண்டுமானால் தூரத்தை அளந்து முன்கூட்டியே சொல்லுங்கள். அடித்தளப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று 5 மி.மீ.க்குள் மட்டமாக இருக்க வேண்டும். டியூப் லெவல் வைத்து நீங்களே பாருங்கள். மட்டம் தவறினால் நழுவுக் கதவு முதல் மாதமே சிக்கும்.

டோக்கியோவின் நாகாகின் கேப்சூல் கோபுரத்தை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். கிஷோ குரோகாவா வடிவமைத்து 1972இல் முடிந்தது. 140 பெட்டிகள், ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டில் தொங்கியது. 25 ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைக் கழற்றிப் புதியது மாட்டுவதே திட்டம். ஒரு பெட்டிகூட அப்படி மாற்றப்படவில்லை. குழாய்கள் பழுதாகி, கசிந்து, 2022இல் கட்டடமே பிரிக்கப்பட்டது. அடுக்கும் குறுவீட்டை வாங்கும்போது ‘ஒன்றை மட்டும் கழற்ற முடியுமா’ என்பதைவிட ‘குழாயை மட்டும் மாற்ற முடியுமா’ என்று கேளுங்கள். குளியலறை, சமையல் மேடை இரண்டின் குழாய்களும் ஒரே செங்குத்துத் தண்டில் இறங்கி, அதற்குப் பொதுவழியில் திறக்கும் கதவு இருந்தால் பதில் ஆம்.

பணம் முழுவதும் கொடுக்கும் முன் நான்கு சோதனைகள். குளியலறை வடிகாலை அடைத்து 3 செ.மீ. நீர் நிறுத்தி 24 மணி நேரம் விட்டு அடியில் பாருங்கள். கூரை மூட்டின் மேல் அரை மணி நேரம் ஹோஸ் பிடியுங்கள். காற்றோட்டக் கருவி ஓடும்போது உறிஞ்சும் வாயில் ஒரு மெல்லிய காகிதம் ஒட்டி நிற்கிறதா, ஊதுபத்திப் புகை எந்த இடுக்கை நோக்கி வளைகிறது என்று கவனியுங்கள். பிறகு சுவர்களை மூடுவதற்கு முன் ஆலையில் எடுத்த படங்களை, குழாயும் ஒயரும் தெரியும்படி, அளவு நாடா சுவரில் வைத்து எடுத்தவையாகக் கேட்டு வாங்குங்கள். படம் எடுக்கும் வழக்கமே இல்லை என்று சொல்லும் ஆலையில் முன்பணம் கட்ட வேண்டாம்.